வேப்பங்கொத்து வரட்டும்

"கொடியை எடு புள்ள! பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும்!"

காருக்குள் இருந்து கத்தினான் பிரபாகரன். சிவப்புக் கொடி இறங்கவில்லை. அதைப் பிடித்திருந்த பெண்ணும் நகரவில்லை. தலையில் மஞ்சள் ஹெல்மெட், புழுதிக்காகக் கண் மட்டும் தெரியும்படி சுற்றிய துப்பட்டா, மேலே பளபளக்கும் பச்சை ஜாக்கெட்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் ஓடைப்பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள். பாதிச் சாலை குழி. மீதியில் ஒரு வண்டி போகத்தான் இடம். வளைவு வேறு, எதிரே வருவது தெரியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து விடுகிற வண்டிகளில் கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். கொத்து இங்கே வந்த பிறகுதான் இந்தப் பக்கம் திறக்கும்.

"அதான் நாலு வண்டி வந்துருச்சுல்ல, இன்னும் என்ன?"

"கொத்து வரலை சார்."

"கொத்தாவது கொழையாவது!"

பின்சீட்டிலிருந்து அவன் அம்மா கற்பகவல்லி தலையை நீட்டினாள். மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு. "ஏ தாயி, விருதுநகர்ல இருந்து வாறோம். எம்மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம். பொண்ணு நல்லாப் படிச்ச பொண்ணு. மொத தடவை போறப்பவே ராகு காலத்துல போய் நிக்க முடியுமா? வழி விடு ஆத்தா."

அவள் ஜன்னலருகே வந்து குனிந்தாள். கற்பகவல்லியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கில் பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டிருந்த பிரபாகரனையும் பார்த்தாள்.

"நல்ல காரியந்தான்மா. நல்லபடியாப் போய்ச் சேரணும்ல? கொஞ்சம் பொறுங்க."

"நேரம் போயிருச்சுன்னா நீயா திருப்பித் தருவ?"

"நல்ல நேரம் உங்களுக்கு மட்டுந்தானா? அந்தா, குழிக்குள்ள ஆளுக கம்பி கட்டிக்கிட்டு இருக்காக. அவுகளுக்கும் அது வேணும்ல?"

அவளுடைய ஜாக்கெட் பைக்குள் செல்போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அது ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

"கொடி பிடிக்கிறவளுக்கு வாயைப் பாரு!" என்றான் பிரபாகரன்.

"காலையில இங்கன கொடி பிடிச்ச அக்கா கால்ல, இப்படித்தான் அவசரமாப் போன ஒருத்தரு டயரை ஏத்திட்டாரு. அவுக ஆஸ்பத்திரியில கெடக்காக. மாத்து ஆள் வர்ற வரைக்கும் நான் நிக்கேன். கொத்து வராம ஒரு வண்டி போகாது."

பிரபாகரன் கியரைப் போட்டான். கார் முன்னால் உறுமியது. அவள் விலகவில்லை. நடுச்சாலைக்கு வந்து, பம்பர் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் நின்றாள்.

"ஏத்துங்க சார். ஏத்திட்டுப் போங்க."

என்ன நெஞ்சழுத்தம்! பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இவகிட்ட என்னடா பேச்சு? ஒடிச்சு எடு" என்றாள் கற்பகவல்லி.

அவன் ஸ்டீயரிங்கை ஒடித்தான். இரண்டு தடுப்புக் கூம்புகள் உருண்டன. அவள் தோளை உரசிக்கொண்டு கார் ஒற்றைப் பாதைக்குள் பாய்ந்தது. வளைவைத் தொடுவதற்குள் எதிரே தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று மலைபோல வந்து நின்றது. இரண்டு பிரேக்கும் கிறீச்சிட்டன. பழத்தட்டு கவிழ்ந்து எலுமிச்சம்பழம் காருக்குள் உருண்டோடியது.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அவர் கையில் வேப்பங்கொத்து.

"ஏலே, கண்ணு தெரியலையா? பட்டாசு லோடுலே! மோதியிருந்தா நானும் இல்ல, நீயும் இல்ல, குழிக்குள்ள நிக்கிற ஒருத்தனும் இல்ல!"

கார் வந்த வழியே பின்னால் ஊர்ந்தது. லாரி வெளியே வந்ததும் டிரைவர் கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் உருண்ட கூம்புகளை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காரருகே வந்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தவள்போல் நின்றாள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றான் பிரபாகரன். "அப்பவே விட்டிருந்தா லாரி வர்றதுக்கு முன்னாடி நான் போயிருப்பேன்."

"பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது" என்று கற்பகவல்லியும் சேர்ந்துகொண்டாள். "உன்னையக் கட்டுறவன் பாடு திண்டாட்டந்தான்."

கொடி இறங்கியது. இதுவரை 'சார்' போட்டுப் பேசியவள், "சரிங்கண்ணே, பார்த்துப் போங்க" என்று வழிவிட்டாள்.

குழியோரம் நின்றவர்கள் மேலெல்லாம் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கார் பறந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நிதானமாகப் போயின.

மாற்று ஆள் முனியராஜ் பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார். "குடுங்க இன்ஜினியரம்மா. பிந்திப்போச்சு. நீங்க வெரசா வீட்டுக்குக் கெளம்புங்க."

"இனி அவசரமில்ல" என்றாள் அவள்.

துப்பட்டாவை இறக்கி முகத்தைத் துடைத்தாள். செல்போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"எம்மா, வெள்ளைக் காரு இப்ப நம்ம தெருவுக்குள்ள வந்துரும். காப்பி பலகாரம் குடுத்து மரியாதையா அனுப்பிவிட்டுரு. நான் மாப்பிள்ளையைப் பார்த்துட்டேன்... இல்லம்மா, இனி கட்டிக்க முடியாது, அவரை அண்ணன்னு கூப்பிட்டுட்டேன்."