ஐந்நூற்று இருபத்திரண்டுக்கு மேல்

ஐந்நூற்று இருபத்திரண்டாம் பக்கத்தில் அந்தச் சிறுமி செத்துப்போனாள்.

காய்ச்சல். மூன்றே நாள்.

அவன் புத்தகத்தை மூடினான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனைவி வெளியே வர இன்னும் நேரமிருந்தது.

புத்தகம் அவள் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்தது. எண்ணூற்று எழுபது பக்க நாவல். பதினான்கு நாள் தவணை. தவணைக்குள் முடித்துவிட வேண்டுமென்று நாளைக்கு அறுபது, எழுபது பக்கம் படிக்கிறாள். நானூற்று அறுபதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தீக்குச்சி இருந்தது.

அப்படியென்றால், இன்றோ நாளையோ அவள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாள்.

அவர்களுடைய மகள் தன்யஸ்ரீக்கும் மூன்று நாள் காய்ச்சல்தான். ஒன்பது வயது. அது ஆடி மாதம். இப்போது மாசி.

இந்த ஏழு மாதத்தில் மனைவி வாசலைத் தாண்டியதில்லை. தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவாள். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். போன வாரம் ஒரு நாள், யாரும் சொல்லாமல், புடவை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். இந்தத் தடிப் புத்தகத்தோடு திரும்பினாள். அன்றிலிருந்து சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறாள்.

முந்தாநாள் தலை சீவியிருந்தாள்.

நேற்று அவளே ரசம் வைத்தாள். பால் சங்கத்தில் காலை வேலையை முடித்து வந்தவன் அந்த ரசத்தை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டான். உப்பு அதிகம். அவன் சொல்லவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று பார்க்கத்தான் இன்று எடுத்தான். தீக்குச்சியைத் தாண்டிப் புரட்டினான். ஏன் தாண்டினோம் என்று இருந்தது.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

அவன் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

"இன்னும் ஆறு நாள் இருக்குதுங்களே," என்றாள் நூலகத்து அம்மா, தேதிச் சீட்டைப் பார்த்து. "அதுக்குள்ள முடிச்சுட்டாங்களா?"

"முடிச்சாச்சுங்க."

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இனிப் பதினான்கு நாளைக்கு அது வீட்டுப்பக்கம் வராது.

அவன் திரும்பியபோது அவள் தேடிக்கொண்டிருந்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால். கட்டிலுக்கு அடியில். ஈரத்தலை முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

"புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அதுல அந்தப் புள்ள..."



"தெரியுங்க."

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"காலேஜ்லயே படிச்சதுதானுங்க. அந்தப் புள்ள போயிரும்னு தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தேன். அதுக்கு மேல முந்நூத்தம்பது பக்கம் இருக்குது. அவங்கம்மா கடைசி வரைக்கும் உசுரோடதான் இருக்கறா. எப்படி இருந்தாள்னுதான் எனக்கு நெனப்பில்ல. அந்த வயசுல அதையெல்லாம் வேகமாத் தள்ளிட்டுப் போயிட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம். அவள் கோபிக்கவில்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் மறுபடி நூலகத்துக்குப் போனான். பெரியவர் பெயர் சென்னியப்பன், வாய்க்கால் ரோட்டில் வீடு என்று அந்த அம்மா சொன்னாள்.

சென்னியப்பன் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். புத்தகம் நாற்காலியில் பிரிக்காமல் கிடந்தது.

அதைக் கேட்டு வாங்கிப் போகத்தான் வந்தான். கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்று சொல்ல வேண்டும். இந்த ஏழு மாதத்தில் அவன் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவனுடைய அண்ணன்தான் பேசினார்.

"ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டுத் தர்றேனுங்க," என்றான்.

"உக்காந்து பாருங்க தம்பி. அவசரமில்ல."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே ஐந்நூற்று இருபத்துமூன்றாம் பக்கத்தைப் பிரித்தான். இரண்டு பக்கம் படித்தான். மூன்றாவது பக்கத்தில் எழுத்து கலங்கிப்போனது. மூடி அவரிடம் கொடுத்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அவர் வருவதற்குள் அவன் வண்டியில் ஏறியிருந்தான்.

வீட்டில் அவள் அதே இடத்தில் இருந்தாள். அவனும் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அடுத்த நாள் காலைல தண்ணி புடிக்கப் போறா," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கொழாயில நாலு பொம்பளைங்க நிக்கறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. குடத்தத் தூக்கி உட்டுட்டு அவங்கவங்க போயிடறாங்க. வீட்டுக்கு வந்து சோறாக்கறா. பழக்கத்துல ரெண்டு தட்டு வெச்சுடறா. அப்புறம் ஒண்ண எடுத்து, கழுவாமயே, திரும்ப அடுக்குல வெக்கறா."

அவள் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே பால் வண்டி ஹாரன் அடித்தது. சாயங்காலப் பால் எடுக்கும் நேரம். அவன் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

அவன் அதற்கு மேல் படித்திருக்கவில்லை.