காகத்துக்கு வைச்ச சோறு

"அப்பன்ரை திவசத்திலை அப்பனையே கலைக்கிறாள்! இவளும் ஒரு பிள்ளையே?"

உருத்திரமூர்த்தி அண்ணை போட்ட சத்தம் லவால் நகர் முழுக்கக் கேட்டிருக்கும்.

நடந்தது இதுதான். சின்னப் பிள்ளையளைப் பார்க்கிற கார்டெரி ஒண்டிலை புஷ்பராணியும் நானும் சேர்ந்து சமைக்கிறனாங்கள். அவளின்ரை மனிசன் இரவிச்சந்திரனுக்கு இண்டைக்கு முதலாம் வருஷத் திவசம். படைச்சு முடிஞ்சுது. அவளின்ரை வீட்டுப் பின்வளவிலை வாழையிலை போட்டுக் காகத்துக்குச் சோறும் வடையும் வைச்சாச்சு. காகம் தொடாமல் நாங்கள் ஒருத்தரும் வாய் வைக்க ஏலாது.

காகம் வந்தால் எல்லோ! வேலியிலை இருந்து பார்க்குது, இறங்குதில்லை. கனடாக் காகத்துக்குப் பருப்புஞ் சோறும் பிடிக்கேல்லைப் போல. இரவியின்ரை தமையன் உருத்திரமூர்த்தி அண்ணைக்குக் "கா கா" எண்டு கூப்பிட்டே தொண்டை அடைச்சுப் போச்சு. எனக்கோ பசி வயித்தைக் கிள்ளுது.

அப்பதான் பின்னாலை இருக்கிற சோளக்காணிக்குள்ளையிருந்து அது வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கொக்கு. உச்சியிலை சிவப்பு. நேரை இலைக்கு வந்து வடையைத் தூக்கிச்சுது.

"ஐயோ, தம்பி வந்திட்டான்! நெத்தியிலை பொட்டைப் பாருங்கோ!" அண்ணை நிலத்திலை விழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டன்.

புஷ்பராணிக்குக் கண்ணீர் பொலபொலவெண்டு வடியுது. "இஞ்சாருங்கோ, வந்திட்டியளே... சாப்பிடுங்கோ" எண்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் வினோஜா குசினிக்குள்ளையிருந்து சட்டியும் அகப்பையுமாய் ஓடி வந்தாள். டாங் டாங் எண்டு அடிச்சு, "போ! போ!" எண்டு கத்தினாள். கொக்கு செட்டையை விரிச்சுக் கொஞ்சம் தள்ளிப் போய் நிண்டுது.

அதுக்குத்தான் அந்தப் பேச்சு.

"பெரியப்பா, காலிலை வளையத்தைப் பாருங்கோ. அது நான் வளர்த்த கொக்கு."

அழிஞ்சுபோற கொக்குகளை வளர்த்துத் திரும்பவும் காட்டிலை விடுற இடத்திலை அவளுக்கு வேலை. குஞ்சுக்கு மனிசரைத் தெரியவே கூடாதாம். வெள்ளை அங்கி போட்டு, முகத்தை மூடி, கையிலை கொக்குத் தலைப் பொம்மையை மாட்டித்தான் சாப்பாடு தீத்துவினம். கிட்ட நிண்டு ஒரு சொல்லுக் கதைக்க மாட்டினம்.

"முட்டையிலையிருந்து வளர்த்தனான். ஒருநாளும் என்ரை முகத்தைக் காட்டேல்லை. இண்டைக்குத்தான் முதல்முதல் பார்க்குது. பயந்து ஓடட்டும்!" சொல்லேக்கை அவளுக்கும் அழுகை வந்திட்டுது.

"கல்நெஞ்சுக்காரி! இனி ஒவ்வொரு நாளும் நான் வந்து இஞ்சை சோறு வைப்பன். நீ என்ன செய்யிறாய் எண்டு பாப்பம்."

"வைச்சியளெண்டால் அது ஆக்களைத் தேடித் தேடி வரும். ரோட்டுக்கு வரும். பேந்து எங்கடை வேலையிடத்து ஆக்களே பிடிச்சுக் கூட்டிலை போட்டிடுவினம். சாகுமட்டும் கூடுதான், பெரியப்பா."

"கூடெண்டால் என்ன? நேரத்துக்குச் சாப்பாடு வரும்தானே!"

கொக்கு திரும்பவும் இலையைப் பார்த்து நடந்து வரத் துவங்கிச்சுது. வினோஜா சட்டியைத் தூக்கினாள். அண்ணை அவளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சார்.

"உனக்கென்ன தெரியும்? கொம்மா சொல்லட்டும்!"

நாங்கள் எல்லாரும் புஷ்பராணியைப் பார்த்தம். அவள் முந்தானையாலை முகத்தைத் துடைச்சாள். வந்து மகளின்ரை சட்டியையும் அகப்பையையும் பறிச்சாள்.

"அப்பிடிப் போடு!" எண்டு அண்ணை கையை விட்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லுவானேன்.

புஷ்பராணி நேரை போய்ப் படைச்ச இலையைச் சுருட்டிக் குப்பை வாளிக்குள்ளை எறிஞ்சாள். பிறகு சட்டியிலை அடிச்சாள் பாருங்கோ ஒரு அடி, சட்டி நெளிஞ்சு போச்சு.

"போங்கோ! திரும்பிப் பாராமல் போங்கோ! இந்தப் பக்கமே வரக்கூடாது!"

கொக்கு வெருண்டு எழும்பிச்சுது. சோளக்காணிக்கு மேலாலை பறந்து, ஆத்தையும் தாண்டிப் போட்டுது.

அண்ணை அவளுக்கு முன்னாலை வந்து நிண்டார். "நீயுமோ புஷ்பம்? வந்தது உன்ரை மனிசன் எண்டு தெரியேல்லையோ உனக்கு?"

"தெரிஞ்சுதான் அத்தான் கலைச்சனான்! ஊரிலை அவரைப் பிடிச்சு அடைச்சு வைச்சவங்களும் நேரத்துக்குச் சோறு போட்டவங்கள்தான். கம்பிக்கு இஞ்சாலை நிண்டு நான் அழுதது போதும். இன்னொருக்கா அவரை அடைக்க விடமாட்டன்!"