மார்ச் பன்னிரண்டில் கப்பல் எங்கே?

“உண்மையைச் சொல்லுங்க சார். எழுபத்தி நாலாம் வருஷம், மார்ச் பன்னிரண்டு. அன்னிக்கு இந்தக் கப்பல் எங்க இருந்துச்சு?”

கேட்ட அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கைப்பையை மேசைமேல் டொம்மென்று வைத்துவிட்டு, குறுக்கு விசாரணைக்கு வந்த வக்கீல் மாதிரி நின்றார்.

கப்பல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தபால் கண்காட்சியில் காலையிலிருந்து அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, கழிவறை எந்தப் பக்கம் என்றுதான்.

கப்பல்காரர் என்பது மற்றவர்கள் வைத்த பேர். தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர் அவர். படகில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். ஆனால் ஒரு பழைய நாசகாரிப் போர்க்கப்பல்மேல் அப்படியொரு பைத்தியம். அந்தக் கப்பலுக்குள்ளேயே சின்னதாக ஒரு தபால் நிலையம் இருந்தது. அங்கே முத்திரை குத்திய உறைகளை முப்பது வருஷமாகத் தேடிப் பிடித்து, எட்டுக் கண்ணாடிச் சட்டங்களில் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். வெள்ளோட்டம் விட்டது முதல் உடைக்கப் போனது வரை, எந்தத் தேதியில் கப்பல் எங்கே நின்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

“மார்ச் பன்னிரண்டுதானே...” என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

“இருங்க, ஏன் கேக்கறேன்னு சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் இந்தக் கப்பல்லதான் வேலை பார்த்தார். அன்னிக்கு நடுக்கடல்ல இருந்தேன்னு காலையிலேர்ந்து சாதிக்கிறார். இல்லை, இதே ஊர்லதான் இருந்தார். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருக்க, ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு! எனக்கு நல்லாத் தெரியும்.”

கப்பல்காரரின் உற்சாகம் பொசுக்கென்று அடங்கியது.

நாலாவது சட்டம், மூன்றாவது வரிசை. மார்ச் பன்னிரண்டு முத்திரையோடு ஓர் உறை அங்கே பளிச்சென்று இருந்தது. கொதிகலன் பழுதாகி, இந்த ஊர்த் துறைமுகத்தில் இருபது நாள் கட்டிக் கிடந்த சமயம்.

உறையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தவர், அம்மாளுக்குப் பின்னால் தூணோரமாக நின்ற ஒரு பெரியவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கையை மேலும் கீழும் ஆட்டி, அலை மாதிரி காட்டினார். மறுபடியும் கும்பிட்டார்.

இந்த முப்பது வருஷத்தில் கப்பல்காரர் ஒரு தேதியைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. கப்பலை உடைக்கக் கொடுத்த நாளை ஒரு பத்திரிகை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டது என்று, திருத்தம் வரும்வரை நாலு கடிதம் எழுதியவர். ஆனால் தூணோரம் நின்ற மனுஷனுக்குத் தலையில் ஒரு முடி இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எந்தக் காலத்திலோ நடந்த ஒன்றுக்காக இந்த வயதில் ஒரு குடும்பம் ரெண்டுபடுவதா?

மெல்ல நகர்ந்து, நாலாவது சட்டத்தை முதுகால் மறைத்துக்கொண்டார்.

“நடுக்கடல்லதாம்மா இருந்துச்சு. கரையிலேர்ந்து ஐந்நூறு மைல்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்கவே வேண்டாம். சரியான புயல் வேற. ஒவ்வொரு அலையும் மூணு மாடி உயரம்!” பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது.

“யாரும் கரைக்கு வந்திருக்க மாட்டாங்களா?”

“வந்திருந்தா நீந்தித்தாம்மா வந்திருக்கணும்.”

தூணோரப் பெரியவர் பெருமூச்சு விட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு வீட்டில் விளக்கேற்றி வைத்தது போல் கப்பல்காரருக்கு மனசு நிறைந்துபோனது.

அம்மாள் திரும்பாமலே குரல் கொடுத்தார். “ஏங்க, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சது போதும். இங்க வாங்க.”

பெரியவர் பூனை மாதிரி வந்து நின்றார். அம்மாள் கைப்பையிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்து, மடிப்புப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“எங்க கல்யாணப் பத்திரம் சார். இன்னிக்கோட அம்பது வருஷம் ஆச்சு. மனுஷன் சுத்தமா மறந்துட்டார். மறந்துட்டேன்னு ஒத்துக்காம, இதுல போட்டிருக்கிற தேதியே தப்புங்கறார்.”

கப்பல்காரர் குனிந்து பார்த்தார். மார்ச் பன்னிரண்டு.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்,” என்று அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். “அப்போ, அன்னிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல என் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்ட மாப்பிள்ளை யாருன்னு நான் இனிமேதான் தேடிப் பிடிக்கணும்!”