கோதுமை பீர்

கொரியாவின் பூசான் நகரத்து வீட்டுச் சமையலறையில் மிரான் காய்ச்சி வைத்திருந்த கறுப்பு பீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து நொறுக்கினான் அவள் புருஷன் தொக்சு. தடுக்கப் போனவளின் உதடு கிழிந்தது.

“மூலையில என்னடி ஒளிச்சு வெச்சிருக்க?”

“கோதுமை பீருங்க. அதை மட்டும் தொடாதீங்க, கால்ல விழுறேன்!”

“எனக்கே உத்தரவா?”

அந்தப் புட்டியின் அடியில் மண்டியைப் பார்த்ததும், மண்டி கலக்க அரிசிக் கள்ளைக் குலுக்கும் பழக்கத்தில் அதையும் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, மூடியைப் பல்லால் கடித்தான்.

புட்டி வெடித்தது. சில்லுகள் முகமெல்லாம் இறங்கின.

ஆம்புலன்ஸ் போனதும் போலீஸ்காரர் கேட்டார்: “நீங்க எச்சரிக்கலையாம்மா?”

“தொடாதீங்கன்னு கெஞ்சினேன் சார். நான் சொல்லி என்னைக்குக் கேட்டாரு?”

மூடிய புட்டிக்குள் வாயு ஏறி நுரை பொங்கப் புட்டிக்கு ஒரு சிட்டிகைச் சர்க்கரைதான் கணக்கு. அந்த ஒன்றில் மட்டும் மிரான் நாலு கரண்டி போட்டிருந்தாள்.