செல் தின்னும் சாவி

போன வாரம் போட்ட செல்லும் தீர்ந்துவிட்டது.

பெத்தணன் இண்டிகா காரை நிழல் பார்த்துக்கூட நிறுத்தவில்லை. இறங்கிய வேகத்தில் ரிமோட் சாவியை முனியராஜின் மேசையில் போட்டான். செல் விற்ற பஜார் கடைக்காரன், அதைச் செய்து அனுப்பிய சீனாக்காரன் என்று ஒருத்தரையும் மிச்சம் வைக்காமல் திட்டினான்.

வாடகைக்கு ஓட்டுகிற வண்டி. லாக், சைரன், ரிமோட் எல்லாம் முனியராஜ் இந்தத் திருத்தங்கல் பட்டறையில் தன் கையால் மாட்டிக் கொடுத்தவை. ஆகவே ரோஷம் அவருக்கும் இருந்தது.

பின் சீட்டில் பெத்தணனின் மனைவி செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். போன ஆனி மாதம் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தபோது, பக்கத்து அறையில் திரி செருகிக்கொண்டிருந்தவள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது இரண்டும் போய்விட்டன. சாமிதான் காப்பாற்றியது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது அவளுக்குக் கேட்கவில்லை.

முனியராஜ் சாவியைப் பிளந்தார். உள்ளே துடைத்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போது அது கரண்டு இழுக்கவில்லை. தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை. பட்டன் எதுவும் அமுங்கியபடி ஒட்டிக்கொள்ளவில்லை. செல்லும் நல்ல செல்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகு பட்டன்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பூட்டுகிற பட்டனும் திறக்கிற பட்டனும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. கீழே இருந்த மூன்றாவது பட்டன் தேய்ந்து, ரப்பரில் குழி விழுந்திருந்தது. கூட்டத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் அமுக்குகிற பட்டன் அது. அமுக்கினால் விளக்கு மின்னும், சைரன் அலறும்.

"ஏலே பெத்தணா, சாவியில ஒரு கோளாறும் இல்ல. யாரோ இதையே விடாம அமுக்குதாக."

பெத்தணன் பின் சீட்டைப் பார்த்தான். அவள் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

காது திரும்புகிறதா என்று சோதித்துப் பார்க்க அவளாகக் கண்டுபிடித்த வழி அது. வாசலில் நின்று அமுக்குவாள். தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, ஊருக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பக்கத்தில் சைரன் என்றால் ஒரே அர்த்தம்தான். சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடிவந்து, "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி" என்று கேட்பார்கள். மகளையோ புருஷனையோ வேலைக்கு அனுப்பாத வீடு அங்கே கிடையாது. ஒருநாள் அப்படி ஓடிவந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி படியில் விழுந்துவிட்டாள். தெருவே திரண்டு வந்து பெத்தணனை ஏசியது.

அதனால்தான் கார்த்திகை மாதம் இதே பட்டறைக்கு வந்து சைரன் ஒயரை வெட்டிவிடச் சொன்னான். முனியராஜும் காரணம் கேட்காமல் வெட்டி, டேப் சுற்றி விட்டார்.

செல்லக்கனியிடம் அவன் சொல்லவில்லை. எப்படியும் கேட்கப்போவதில்லை, விளக்கு மின்னுவதையாவது பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று பாவம் பார்த்தான். ஒரு நாளைக்கு ஒரு தரம் இரண்டு தரம் அமுக்குவாள், அதற்கா செல் தீரும் என்றும் நினைத்திருந்தான்.

முனியராஜ் புது செல்லைப் போட்டுச் சாவியை மூடினார்.

அதைப் பார்த்ததும் செல்லக்கனி வண்டியைவிட்டு இறங்கி வந்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திப் பேசினாள்.

"நல்ல செல்லாப் போடுங்கண்ணே. கார்த்திகை வரைக்கும் லேசாக் கேட்டுச்சு, தூரத்துல கொசு பாடுதாப்புல. முழுசாக் கேக்கவும் இவுககிட்டச் சொல்லணும்னு வச்சிருந்தேன். பெறவு அதுவும் நின்னுபோச்சு. இனி எங்க வரப்போகுதுன்னு மதுரை டாக்டர் குடுத்த மாத்திரையையும் விட்டுட்டேன். லைட்டு மின்னுது, சத்தத்தத்தான் காணோம். செல்லு வீக்கா, என் காதுதானான்னு தெரியலண்ணே."

பெத்தணன் அவளையும் பார்க்கவில்லை, முனியராஜையும் பார்க்கவில்லை. காரின் பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்துகொண்டிருந்த காதை நாமே கெடுத்துவிட்டோம் என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது. அதை அவளுக்கு எந்தச் சைகையில் சொல்வது என்று விளங்கவில்லை.

முனியராஜ் யாரையும் கேட்கவில்லை. பானட்டைத் திறந்து, டேப்பைப் பிரித்து, ஒயர் இரண்டையும் சீவி முறுக்கினார். என்னவோ ரிப்பேர் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை அவள் கையில் கொடுத்து, அமுக்கச் சொல்லி அவர் கட்டைவிரலைக் காட்டினார்.

விளக்கைப் பார்த்து மனசு ஏமாந்துவிடக்கூடாது என்பதற்காகச் செல்லக்கனி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு அமுக்கினாள்.

சைரன் அலறியது.

எதிர்ப் பிரஸ்ஸில் வெடி லேபிள் அடித்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து, எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று வானத்தைப் பார்த்தார்கள். மூலையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பெத்தணன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் தலையைச் சாய்த்தபடியே நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

பிறகு, கண்ணைத் திறக்காமலே சாவியை நீட்டினாள்.

"இந்தச் செல்லும் ஆகாதுண்ணே."