நேரலையில் ஒரு சாக்கடை

நாற்பது நிமிடமாக ஒரு விளக்குகூட எரியவில்லை.

தொலைபேசிப் பெட்டியில் ஐந்து இணைப்புக்கு ஐந்து சின்ன விளக்குகள். இதே வானொலி நிலையத்தில், இதே நாற்காலியில், பதினோரு வருடம் அறிவிப்பாளராக அவள் உட்கார்ந்திருந்தபோது, பாட்டுக் கேட்டு ஐந்தும் முண்டியடிக்கும்.

இப்போது அவள் சட்டமன்ற உறுப்பினர். பதவியேற்று இருபது நாள்தான் ஆகிறது. உங்கள் தெருவில் என்ன குறை என்றாலும் எனக்கே போன் பண்ணுங்கள் என்று தெருத்தெருவாகத் தொண்டை கட்டப் பேசி ஜெயித்தவள். அந்த வாக்கைக் காப்பாற்ற இன்று முதல் நாள். மூன்றிலிருந்து நான்கு மணி வரை நேரலை.

குறை சொல்லத்தான் ஒரு ஜீவன் இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. அவளிடம் தோற்றவர் இருபது வருடம் தொகுதியைக் கைக்குள் வைத்திருந்த மனிதர். அவர் காலத்தில் குறை சொன்னவரின் கடை உரிமம் காணாமல் போகும், வீட்டுக் குழாய் காய்ந்துபோகும். நாற்காலிதானே போயிற்று, ஆள் இங்கேதானே இருக்கிறார் என்று ஜனங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஏழாவது பாட்டைப் போட்டுவிட்டுக் குனிந்தார்.

"நான் வேணா வெளிய போய் ஒரு போன் போடட்டுமாக்கா?"

அவர் கில்லாடி. முன்பெல்லாம் அழைப்பே வராத மதியங்களில் பக்கத்து அறைக்குப் போய்க் குரலை மாற்றிப் பேசுவார். ஒரே வாரத்தில் மூன்று இல்லத்தரசிகளாகவும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகவும் வந்தவர். அந்தத் தலைமையாசிரியருக்கு ரசிகர் கடிதம்கூட வந்தது.

அவள் தலையாட்டி மறுத்தாள். பாட்டுக்குப் பொய் சொல்லலாம், சாக்கடைக்குச் சொல்ல முடியுமா?

ஓட்டெல்லாம் இந்தக் குரலுக்குத்தான் விழுந்ததா? ஒருவர்கூடத் தன்னை நம்பவில்லை என்றால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு இங்கே வந்து உட்காருவது?

மூன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டாவது இணைப்பின் விளக்கு எரிந்தது.

வணக்கம் சொன்னாள். பதில் இல்லை.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் ஆகவே ஆகாது. மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிடும். ஒலிப்பதிவாளரின் கை தானாகப் பாட்டுப் பொத்தானுக்குப் போனது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து விநாடி. இருபது.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சை வைத்தே ஆளை எடைபோடுகிறவள் அவள். பரிசுப் போட்டிக்கு அழைப்பவரின் மூச்சு படியேறி வந்தது போல இரைக்கும். காதலிக்காகப் பாட்டுக் கேட்பவனுடைய மூச்சிலேயே சிரிப்பு இருக்கும். இது பயந்த மூச்சு. அவசரப்படுத்தினால் வைத்துவிடுவார்கள். வாயை வைத்தே பிழைத்தவள் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"சத்தமா பேச முடியாதும்மா." வயதான பெண் குரல், கிசுகிசுப்பாக. "வீட்டுப் பின்சந்துல சாக்கடை அடைச்சுக் கெடக்கு. மழை பெஞ்சா அடுப்படி வரைக்கும் வந்துருது. பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னே காலம் போயிருச்சு."

பெயர் வேண்டாம், வீடு எது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

கதவு எண்ணையும் தெருவையும் அந்த அம்மாள் தொகுதி முழுக்கக் கேட்க நிதானமாகச் சொன்னார். இவள் எழுதி முடிப்பதற்குள் மற்ற நான்கு விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

ஒலிப்பதிவாளர் வாயைப் பிளந்தபடி அவள் எழுதிய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளும் அதைப் படித்துப் பார்த்தாள். இருபது வருடமாக இந்தத் தொகுதியே மனுவும் கையுமாகக் கால் கடுக்க நின்ற வாசல் அது.

"எழுதிட்டீங்களாம்மா?" குரல் இன்னும் தணிந்தது. "எங்க வீட்டுக்காரர் தூங்கி எந்திரிக்கிற நேரமாச்சு."