மாமனார் கொடுத்த கார்

"ஒருத்தனோட பரம்பரையை அவன் காரை வச்சிருக்கிற லட்சணத்துலயே கண்டுபிடிச்சிடலாம்" என்று பட்டறையில் நின்று பிரகடனம் செய்தார் மாமனார். கல்யாணப் பரிசாக அவர் கொடுத்த பழைய குட்டிக் கார் அது. அன்று காலைதான் மகளின் கால் அதன் தரையைப் பொத்துக்கொண்டு தெருவைத் தொட்டிருந்தது.

"தங்கமா கொடுத்தேன் மாப்பிள்ளை. ஆறே மாசத்துல துருப்பிடிக்க விட்டுட்டீங்க."

"தினமும் துடைக்கிறேன் மாமா."

"நானே தபால்ல பத்திரிகை அனுப்பியும் கல்யாணத்துக்கு உங்க பக்கம் பாதிப் பேர் வரலை. பொறுப்பு ரத்தத்துலயே இருக்கணும். நீ வாம்மா, கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இரு."

மகள் அப்பாவின் பக்கம் போய் நின்றாள்.

வெல்டர் கதவுக்குக் கீழிருந்த தகட்டைச் சுத்தியலால் தட்டினார். பெயின்டும் அதன் அடியில் பூசியிருந்த பட்டியும் பாளம் பாளமாக உதிர்ந்தன.

"இது பத்து வருஷத்துத் துரு. உள்ளே காகிதத்தைத் திணிச்சு, மேலே பூசி மறைச்சிருக்காங்க" என்று ஒரு கத்தையை உருவி மகளிடம் நீட்டினார்.

அவளுடைய கல்யாணப் பத்திரிகைகள். உறைகளின் மேல் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்களின் முகவரிகள் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. ஒன்றில்கூடத் தபால்தலை ஒட்டியிருக்கவில்லை.